ஆரல்வாய்மொழிக்கு இந்தப் பக்கம் தூக்கு இல்லை

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகிறவர்கள் ஆரல்வாய்மொழியைக் கவனிக்காமல் தாண்ட முடியாது. அங்கே அடிக்கிற காற்றே கவனிக்க வைத்துவிடும். 1944-லிருந்து 1951 வரை அந்தக் கணவாய்க்கு இன்னொரு முக்கியத்துவமும் இருந்தது. கணவாய்க்கு அந்தப் பக்கம், பணகுடி பக்கமாக ஒருவன் கொலை செய்தால் அவனுக்குத் தூக்கு கிடைக்கலாம். இந்தப் பக்கம், தோவாளையில் வைத்து அதே கொலையைச் செய்தால் தூக்கு கிடையாது. அந்தப் பக்கம் மதராஸ் மாகாணம். இந்தப் பக்கம் திருவிதாங்கூர் சமஸ்தானம். அதே தமிழ் பேசுகிற மக்கள், அதே வாய்க்கால் வரப்புச் சண்டை, அதே அரிவாள். தண்டனை மட்டும் வேறு.

எனக்கு ஊர் கும்பகோணம். பி.காம். படித்துவிட்டு வங்கி வேலைக்கு வந்து, மாற்றல் மேல் மாற்றலாகி இப்போது திருவனந்தபுரத்தில் இருக்கிறேன். இந்த ஊரில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரு பழைய ராஜா கதை வந்து காலில் இடறும். பெரும்பாலும் கோயில் கதை, இல்லாவிட்டால் புதையல் கதை. தூக்குக் கயிற்றின் கதையை அதிகம் பேர் சொல்வதில்லை. அதைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

(டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. கணக்குப் பார்த்தே பழகியவன். இதையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.)

பழைய திருவிதாங்கூரில் மரண தண்டனை என்றால் கடைசிக் கையெழுத்து மகாராஜாவுடையது. கோர்ட் தீர்ப்பு சொன்னாலும் அரசர் ஒப்புதல் இல்லாமல் கயிறு இறங்காது. ஆனால் எல்லோருக்கும் ஒரே கயிறு இல்லை. பிராமணர்களுக்கும் பெண்களுக்கும் தூக்கு கிடையாது என்பது நெடுநாள் வழக்கம். அதாவது "என்ன செய்தான்" என்ற கேள்விக்கு முன்னாலேயே "யார் செய்தது" என்று கேட்டுவிடுவார்கள். கொலை ஒன்றாக இருந்தாலும் பிறப்பைப் பார்த்துத் தண்டனை.

அடூர் கோபாலகிருஷ்ணன் 2002-ல் எடுத்த "நிழல்குத்து" படம் 1940-களின் திருவிதாங்கூர் ஆராச்சார் ஒருவரைப் பற்றியது. ஆராச்சார் என்றால் தூக்குப் போடுகிறவர். அந்தப் படத்தில் ஒரு விஷயம் வரும். தூக்குப் போடுகிற நாளில் மகாராஜா மன்னிப்பு உத்தரவு அனுப்புவார். ஆனால் தூக்கு முடிந்த பிறகுதான் அது வந்து சேரும். பாவம் அரசரைத் தொடக் கூடாது, தண்டனையும் நிற்கக் கூடாது. எத்தனை சாமர்த்தியமான ஏற்பாடு பாருங்கள்! படக்கதைதான் என்றாலும் அதில் ஒரு உண்மை இருக்கிறது. ஒரு உயிரை எடுக்கும் உத்தரவில் கையெழுத்துப் போடுகிறவன், அந்தக் கை தன்னுடையது இல்லை என்று நினைக்க விரும்புகிறான். கீழ்க்கோர்ட் மேல்கோர்ட்டைக் காட்டும். மேல்கோர்ட் அரசரைக் காட்டும். அரசர் தாமதமாகப் போன தூதனைக் காட்டுவார்.

1944-ல் இந்தச் சிக்கலுக்கே முடிவு வந்தது. சித்திரைத் திருநாள் மகாராஜா, திவான் சர் சி.பி. ராமசாமி அய்யர் காலத்தில் திருவிதாங்கூர் மரண தண்டனையை ஒழித்தது. 1936-ல் கோயில்களைத் திறந்துவிட்ட அதே ராஜா, அதே திவான். பிரிட்டனே 1960-களில்தான் கொலைக் குற்றத்துக்குத் தூக்கை நிறுத்தியது என்பதை யோசித்தால் இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் சர் சி.பி.க்கு ஒரேயடியாக மாலை போட்டுவிடவும் முடியாது. இரண்டே வருடத்தில், 1946 அக்டோபரில், ஆலப்புழை பக்கம் புன்னப்ராவிலும் வயலாரிலும் அதே திவானின் அரசு தொழிலாளர்களைச் சுட்டுத் தள்ளியது. செத்தவர்கள் நூற்றுக்கணக்கில். சட்டப் புத்தகத்தில் மரண தண்டனை இல்லாத நாட்டில் நடந்தது இது. துப்பாக்கிக் குண்டுக்கு அப்பீல் கிடையாது. கோர்ட் விதிக்கும் மரணத்துக்கு மேல் விசாரணை எவ்வளவு முக்கியம் என்பது இதை நினைக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது.

அப்புறம் 1949. டெல்லியில் அரசியல் நிர்ணய சபை. தூக்குத் தண்டனை வழக்குகளை உச்ச நீதிமன்றத்துக்கு அப்பீல் கொண்டுபோகும் உரிமை வேண்டுமா என்று விவாதம். ஜூன் 3-ம் தேதி அம்பேத்கர் எழுந்து, அப்படி ஒரு அப்பீல் வழி செய்வதைவிட மரண தண்டனையையே ஒழித்துவிடுவதை நான் ஆதரிப்பேன் என்ற பொருளில் பேசினார். அகிம்சையை நம்புகிற நாட்டுக்கு அதுதான் பொருத்தம் என்பது அவர் வாதம். அதை ஏற்கெனவே செய்து காட்டியிருந்த சமஸ்தானம் தெற்கே இருந்தது. ஆனால் அடுத்த மாதமே, ஜூலை 1-ம் தேதி, அந்தச் சமஸ்தானம் கொச்சியோடு இணைந்து திருவிதாங்கூர்-கொச்சி ஆனது. திருவனந்தபுரத்திலிருந்த ஹைகோர்ட் எறணாகுளத்துக்குப் போனது. இந்த ஊர் வக்கீல்களுக்கு அந்த வருத்தம் இன்றும் உண்டு. 1951-ல் இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கேயும் வந்தது. கூடவே தூக்கும் திரும்பி வந்தது.

இந்த இடத்தில் மரண தண்டனை விவாதங்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். தூக்கு இல்லாத 1945-50 காலத்தில் திருவிதாங்கூரில் நடந்த கொலைகள் 962. தூக்கு திரும்பிய பிறகு 1950-55-ல் 967. வித்தியாசம் ஐந்து. இதை வைத்துக்கொண்டு தூக்கு பயனற்றது என்று நிரூபித்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். மக்கள்தொகை கூடியிருக்கும், காலம் மாறியிருக்கும். இரண்டு வருடத்து பாலன்ஸ் ஷீட்டை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு மேனேஜரை மெச்சவோ திட்டவோ கூடாது. ஆனால் இதன் மறுபக்கமும் உண்மைதான். கயிறு இல்லாவிட்டால் நாடு சுடுகாடாகிவிடும் என்று சொன்னவர்களுக்கு இந்தக் கணக்கில் ஆதாரம் இல்லை.

சரி, திரும்பி வந்த தூக்கு எப்படி வந்தது? இங்கேதான் நம் சட்டத்தின் நல்ல அம்சம் ஒன்று இருக்கிறது.

வங்கியில் பெரிய கடன் என்றால் பிராஞ்ச் மேனேஜர் பரிந்துரைதான் செய்ய முடியும். சாங்ஷன் மேலிடத்திலிருந்து வர வேண்டும். மரண தண்டனையும் அப்படித்தான். செஷன்ஸ் கோர்ட் விதிக்கும் தூக்கு, சட்டப்படி ஒரு பரிந்துரை மாதிரி. தண்டிக்கப்பட்டவன் அப்பீல் செய்தாலும் செய்யாவிட்டாலும் அந்த பைல் தானாகவே ஹைகோர்ட்டுக்குப் போக வேண்டும். அங்கே குறைந்தது இரண்டு நீதிபதிகள் உறுதி செய்யாமல் யாரையும் தூக்கிலிட முடியாது. அந்த இருவரும் "தீர்ப்பில் தப்பு இருக்கிறதா" என்று மேலோட்டமாகப் பார்த்தால் போதாது. சாட்சியங்களை முதலிலிருந்து எடைபோட வேண்டும். தேவைப்பட்டால் புதிய சாட்சியமும் எடுக்கலாம். விடுதலை செய்யலாம், தண்டனையைக் குறைக்கலாம், மறு விசாரணைக்கு அனுப்பலாம். 1898 சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு 1973 சட்டத்திலும் வந்தது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இருக்கிறது.

குற்றம் செய்தானா இல்லையா என்ற கேள்விக்கு இந்த முறை ஓரளவு பதில் சொல்லிவிடும். கஷ்டமான கேள்வி அடுத்தது. செய்தான் என்றே வைத்துக்கொள்வோம். இவனுக்குத் தூக்கு, அவனுக்கு ஆயுள். எதை வைத்து?

இதற்கான அளவுகோல் மாறிய கதை விசித்திரமானது. 1951-ல் தூக்கு இங்கே திரும்பியபோது இருந்த சட்டப்படி, கொலைக்குத் தூக்குதான் பொது விதி. தூக்குப் போடாமல் விட்டால்தான் நீதிபதி காரணம் எழுத வேண்டும். 1955 திருத்தத்தில் அந்த நிபந்தனை போனது. 1973 சட்டம் அதை அப்படியே தலைகீழாக்கியது. இப்போது ஆயுள்தான் பொது விதி, தூக்கு என்றால் சிறப்புக் காரணம் எழுத வேண்டும். இருபது சொச்சம் வருடத்தில் பற்று வரவாகி, வரவு பற்றாகிவிட்டது.

1974-ல் எடிகா அன்னம்மா வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், குற்றத்தை மட்டுமல்ல, குற்றவாளியையும் பார்க்க வேண்டும் என்று எழுதி அந்தப் பெண்ணின் தூக்கை ஆயுளாகக் குறைத்தார். கிருஷ்ணய்யர் யாரென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாலக்காட்டில் பிறந்து, 1957-ல் இதே திருவனந்தபுரத்தில் இ.எம்.எஸ். மந்திரிசபையில் சட்ட மந்திரியாக இருந்தவர். 1980-ல் பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து, "அரிதினும் அரிதான" வழக்கில் மட்டுமே தூக்கு என்றார்கள். நால்வர் சேர்ந்து சொன்ன தீர்ப்பு அது. ஐந்தாமவரான பகவதி, மரண தண்டனையே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றார். அது போய்ச் சேர்கிற பெஞ்சைப் பொறுத்து மாறுகிறது என்பதுதான் அவருடைய முக்கியமான குற்றச்சாட்டு.

அவர் மிகைப்படுத்தவில்லை என்பதற்கு ஹர்பன்ஸ் சிங் வழக்கு ஒன்றே போதும். உத்தரப் பிரதேசத்தில் ஒரு குடும்பத்தில் நான்கு பேரைக் கொன்றதாக மூன்று பேருக்குத் தூக்கு. ஹைகோர்ட் மூவருக்கும் உறுதி செய்தது. மூவரும் தனித்தனியாக உச்ச நீதிமன்றம் போனார்கள். 1976-ல் ஜீதா சிங்கின் மனு தள்ளுபடி. 1977-ல் வேறு பெஞ்ச் முன்னால் போன காஷ்மீரா சிங்குக்கு ஆயுளாகக் குறைந்தது. 1978-ல் ஹர்பன்ஸ் சிங்கின் மனு தள்ளுபடி. ஒரே கொலை, ஒரே சாட்சியம், ஒரே தீர்ப்பு. 1981 அக்டோபர் 6-ம் தேதி ஜீதா சிங்கைத் தூக்கிலிட்டார்கள். ஹர்பன்ஸ் சிங்குக்கும் அதே நாள்தான் குறித்திருந்தார்கள். கடைசி நேரத்தில் தடை வாங்கியதால் அவர் தப்பினார். 1982-ல் வழக்கைப் பார்த்த உச்ச நீதிமன்றம், கூட்டாளிக்குக் குறைத்துவிட்டு இவரைத் தூக்கிலிடுவது அநியாயம் என்று குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது. கூடவே ஒரு ஆபீஸ் உத்தரவும் போட்டது. இனிமேல் தூக்குக்கு முன்னால், உடன் தண்டிக்கப்பட்ட யாருக்காவது குறைக்கப்பட்டிருக்கிறதா என்று ஜெயில் சூப்பிரண்டு விசாரிக்க வேண்டும்! ஒரு லெட்ஜரைப் பார்த்து இன்னொரு லெட்ஜரை டிக் அடிக்கிற வேலை. அதைச் செய்ய ஆள் இல்லாததால் ஒருவர் போய்ச் சேர்ந்தார்.

அமெரிக்காவிலும் இதே தலைவலிதான். 1972-ல் அங்கே உச்ச நீதிமன்றம், நடைமுறையில் இருந்த தூக்குச் சட்டங்களை ஏறுமாறானவை என்று செல்லாமலாக்கியது. அதற்குப் பிறகு ஜார்ஜியா மாநிலம் புதுச் சட்டம் எழுதியது. மரண தண்டனை வந்தால், அதே மாதிரி வழக்குகளில் மற்றவர்களுக்கு என்ன கிடைத்தது என்று மாநில உச்ச நீதிமன்றம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1976-ல் அந்தச் சட்டம் ஏற்கப்பட்டது. ஆனால் 1984-ல், அப்படி ஒப்பிடுவது எல்லா மாநிலத்துக்கும் கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். நம் நாட்டில் சட்டத்தில் அந்த ஒப்பீட்டுக் கடமையே எழுதப்படவில்லை.

இனி கேரளத்தின் மூன்று பைல்கள்.

முதலாவது ஆற்றிங்கல். 2014 ஏப்ரலில் ஒரு நான்கு வயதுக் குழந்தையும் அவளுடைய பாட்டியும் கொல்லப்பட்டார்கள். 2016-ல் திருவனந்தபுரம் செஷன்ஸ் கோர்ட் முக்கியக் குற்றவாளிக்குத் தூக்கு விதித்தது. இரண்டாவது பெரும்பாவூர். 2016-ல் சட்டம் படித்த ஒரு தலித் மாணவி தன் வீட்டில் குரூரமாகக் கொல்லப்பட்டார். அஸ்ஸாமிலிருந்து பிழைக்க வந்த ஒரு தொழிலாளிக்கு 2017-ல் தூக்கு. இரண்டும் கேரள ஹைகோர்ட்டுக்குப் போயின. 2022-ல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம், தூக்கு விதிக்கும் முன் குற்றவாளியின் வளர்ப்பு, வறுமை, மனநிலை, சிறையில் நடத்தை எல்லாவற்றையும் பற்றி அறிக்கை வாங்கிப் பார்க்கச் சொல்லியிருந்தது. அதன்படி 2023 மே மாதம் ஹைகோர்ட் இந்த இரண்டு பேருக்குமே அறிக்கை கேட்டது. 2024 மே மாதம், சில நாள் இடைவெளியில் இரண்டு தீர்ப்பும் வந்தன. பெரும்பாவூர் வழக்கில் தூக்கு உறுதி. ஆற்றிங்கல் வழக்கில் 25 வருடம் தண்டனைக் குறைப்பில்லாத சிறை. பெரும்பாவூர் தீர்ப்பை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

இரண்டு தீர்ப்புக்கும் காரணங்கள் விரிவாக எழுதப்பட்டிருக்கின்றன. நீதிபதிகள் அலட்சியமாக இருந்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு குழந்தையைக் கொன்றவனையும் ஒரு மாணவியைக் கொன்றவனையும் தராசில் வைத்து, இவன் கனம், அவன் லேசு என்று சொல்லக்கூடிய படிக்கல் எது? எனக்குத் தெரிந்து எந்தக் கடையிலும் இல்லை. வீட்டை விட்டு வேறு ஊரில் இருக்கிறவன் என்பதால் இன்னொன்றும் தோன்றுகிறது. பாஷை தெரியாத ஊரில் குற்றம் சாட்டப்பட்டவனுக்காகப் பேச வருகிற உறவினர், ஆசிரியர், அக்கம்பக்கத்தார் எத்தனை பேர் இருப்பார்கள்? அவனுடைய நல்லது கெட்டது எழுதப்படும் அறிக்கை எத்தனை பக்கம் வரும்?

மூன்றாவது பைல் என்னை மிகவும் தொந்தரவு செய்தது. 2005 செப்டம்பரில், இந்த ஊர் கோட்டை போலீஸ் ஸ்டேஷனில் ஒரு இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். தொடையில் இரும்புக் குழாயை வைத்து உருட்டியதால் மலையாளப் பத்திரிகைகள் அதற்கு "உருட்டிக்கொலை" என்றே பெயர் வைத்தன. அவருடைய தாய் பதிமூன்று வருடம் கோர்ட்டுக்கு அலைந்தார். 2018 ஜூலையில் சிபிஐ கோர்ட் இரண்டு போலீஸ்காரர்களுக்குத் தூக்கு விதித்தது. ஊரே "நீதி கிடைத்தது" என்றது. 2025 ஆகஸ்டில் ஹைகோர்ட் சாட்சியங்களையும் விசாரணையையும் முதலிலிருந்து பார்த்து, சிபிஐ விசாரணையில் கடுமையான குறைகள் இருப்பதாகச் சொல்லி, குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்துவிட்டது. தூக்கு விதிக்கப்பட்ட இருவரில் ஒருவர் அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார்.

ஆக, ஒரே ஹைகோர்ட், மூன்று முடிவு. ஒன்று உறுதி, ஒன்று குறைப்பு, ஒன்று விடுதலை. மேல் விசாரணை உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் கீழே என்ன நடக்கிறது என்ற கேள்வியும் இதிலேயே இருக்கிறது. டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2000-க்குப் பிறகான பதினைந்து வருடத்தில் கீழ்க்கோர்ட்டில் தூக்கு பெற்று, மேல் விசாரணை முடிந்தவர்களில் கடைசிவரை அது நின்றது நூற்றுக்கு ஐந்து பேருக்குத்தான். சுமார் 65 பேருக்குக் குறைந்தது. 30 பேர் விடுதலையே ஆனார்கள். என் வேலையில் ஒரு பிராஞ்சின் பரிந்துரை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து திரும்பி வந்தால் மறுநாள் காலை இன்ஸ்பெக்ஷன் டீம் வாசலில் நிற்கும். இங்கே திரும்பி வருகிற ஒவ்வொரு பைலும் ஒரு மனிதன், பல வருடம் கயிற்றை நினைத்தே படுத்து எழுந்தவன்.

இந்த அளவுகோல் எவ்வளவு இளகியது என்பதற்கு 2025 ஜனவரி 20-ம் தேதியைச் சொல்லலாம். அன்று நெய்யாற்றின்கரை கோர்ட், கஷாயத்தில் விஷம் கலந்து காதலனைக் கொன்ற ஒரு இளம்பெண்ணுக்குத் தூக்கு விதித்தது. குற்றம் நடந்தது கன்னியாகுமரி மாவட்டத்தில், இறந்தவர் பாறசாலைக்காரர். அதே நாள் கொல்கத்தாவில், பணியிலிருந்த பெண் மருத்துவரைக் கற்பழித்துக் கொன்றவனுக்கு, இது அரிதினும் அரிதான வழக்கு இல்லை என்று சொல்லி ஆயுள். யாருக்குக் கூட, யாருக்குக் குறைவு என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அதே சட்டம், அதே வாசகம், அதே திங்கட்கிழமை. ஆரல்வாய்மொழிக் கணவாய் 1951-ல் மறைந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தோம். அது ஒரு கோர்ட் ஹாலுக்கும் இன்னொரு கோர்ட் ஹாலுக்கும் நடுவில் இன்னும் நிற்கிறது. அன்றாவது அது எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

கேரளத்தில் கடைசியாகத் தூக்கிலிட்டது 1991-ல், கண்ணூர் ஜெயிலில். இங்கே பூஜப்புரை ஜெயிலில் 1970-களோடு சரி. அதற்குப் பிறகும் தூக்கு விதிப்பது நிற்கவில்லை. விதிக்கிறார்கள், கைதட்டுகிறோம், மேலே போகிறது, குறைகிறது. இந்தச் சுற்றில் யாருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், எனக்கு அந்தக் கோட்டை ஸ்டேஷன் இளைஞரின் தாய் ஞாபகம்தான் வருகிறது. 2018-ல் அவருக்குக் கிடைத்தது சட்டத்திலேயே பெரிய தண்டனை. 2025-ல் கையில் எதுவும் மிஞ்சவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது தூக்கு இல்லை. ஹைகோர்ட்டில் நிற்கக்கூடிய ஒழுங்கான ஒரு விசாரணை. அது மட்டும் இருந்திருந்தால் ஆயுள் தண்டனையே அவர் காலத்துக்கும் போதுமானதாக இருந்திருக்கும்.

ஒரே அளவாக அளக்க முடியாத ஒரு தண்டனையை வைத்துக்கொண்டு எழுபது வருடத்துக்கு மேலாக அளவுகோல் தேடிக்கொண்டிருக்கிறோம். 1944-ல் இந்த ஊரில் எடுத்த முடிவை, எடுத்தவர்கள் யார், எதற்காக எடுத்தார்கள் என்பதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்பதில் தப்பில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.